அழித்துவிட்டுப் பூத்தூவிய திரை

என் தங்கையின் கைப்பேசி தன்னிடம் இருந்த அத்தனையையும் அழித்து முடித்தவுடன் திரை முழுக்க வண்ணக் காகிதப் பூக்களைத் தூவியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது தூவுவார்களே, அந்த மாதிரி. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் யாரிடம் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நம்ப மறுக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன நோன்புக்கு முந்தைய ஷஅபான் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தங்கை திங்கள் என்கிறாள். அன்று எங்கள் சந்தில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டியிருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போக நான் பலகைமேல் நடந்து சாலையைக் கடந்தேன். தோண்டியது செவ்வாய் காலை. ஆகவே செவ்வாய்தான்.

தங்கை கொச்சி மட்டாஞ்சேரியில் பெண்களுக்குத் தைக்கிறாள். மாடியில் இரண்டு அறை. வெளி அறையில் ஒரு பெஞ்சு. உள்ளறை வாசலில் திரைச்சீலை, அதற்கு அந்தப் பக்கம் இரண்டு தையல் மிஷின். எங்களைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள்தான் அவளிடம் அதிகம் வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது துபாயிலும் ஜித்தாவிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது ஒரு தடவை அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு துணியை இங்கேயே ஒரு கடையில் எடுக்கச் சொல்லி, பெருநாளுக்கு முன் யாராவது போகிறவர் கையில் தைத்ததைக் கொடுத்தனுப்பச் சொல்வார்கள். வருஷம் முழுக்க அவள் வீட்டில் அடுப்பு எரிவது பெருநாள் தையலால்தான்.

அளவு விஷயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்ணின் உடல் அளவைத் தாளில் எழுதக் கூடாது. தாள் எங்கே போகும், எந்த ஆண் கண்ணில் படும் என்று தெரியாது. ஆண்கள் இருக்கட்டும், நாத்தனார் கண்ணில் பட்டால் போதும். அடுத்த கல்யாண வீட்டில் அந்த இடுப்பைப் பற்றித்தான் பேச்சு. முன்பெல்லாம் தங்கை எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தாள். ஆட்கள் பெருகியபோது கைப்பேசியில் தன் குரலில் பதிந்து வைக்க ஆரம்பித்தாள். அதிலும் பெயர் கிடையாது. "ஜித்தாக்காரி, பச்சைக் கதவு வீடு" என்று தொடங்கித் தோள், மார்பு, இடுப்பு, கை இறக்கம் என்று சொல்லிக்கொண்டே போவாள். இந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு, கழுத்தை அகலமா வெட்டினா பிடிக்காது, போன தடவை கக்கத்தில் பிடிச்சுது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கேட்க அனுமதி கிடையாது.

பதிவுகளை வெளியே எங்காவது நகல் எடுத்து வைக்கலாமா என்று கைப்பேசி அடிக்கடி கேட்கும். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே அழுத்துவாள். நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன்.

"எவனோட கம்ப்யூட்டரிலயோ என் கஸ்டமரோட இடுப்பு போய்க் கெடக்கணுமா, அண்ணே?"



அந்தச் செவ்வாய்க்கிழமை கைப்பேசி ஏதோ புது மென்பொருளைத் தானே இறக்கிக்கொண்டு, பாதியில் உறைந்து நின்றுவிட்டது. அவள் பக்கவாட்டுப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். எல்லோரும் செய்வதுதான். அப்படிப் பிடித்தால் கைப்பேசி சில சமயம் வழக்கமான முகத்தைக் காட்டாமல் வேறொரு திரையைத் திறக்கும். ரெகவரி மோடு என்பார்கள். வீட்டு முன்வாசல் திறக்காதபோது பழுது பார்க்கிறவர் நுழைய வைத்திருக்கும் பின்வாசல் அது. அங்கிருந்து கைப்பேசியை வெறுமனே அணைத்து இயக்கலாம். உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கவும் செய்யலாம்.

இந்தப் பின்வாசல் அவளுக்குப் புதிதில்லை. பழைய கைப்பேசியிலும் ஒரு தடவை வந்திருக்கிறது. அப்போது அது கன்னங்கரேலென்று இருந்தது. வயிறு திறந்த ஒரு பொம்மை மல்லாந்து கிடந்தது. அதன் மேலே பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. விரலால் தொட்டால் ஒன்றும் நகராது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானால்தான் ஒவ்வொரு வரியாக இறங்க வேண்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் கைப்பேசியைக் கட்டிலில் போட்டு, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டு எனக்கு ஆளனுப்பினாள். நான் முக்கிலிருக்கும் கைப்பேசிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினார். சரியாகிவிட்டது. அழிக்கும் வரியைத் தேடிப் போனால்கூட அங்கே "இல்லை, இல்லை, இல்லை" என்று அடுக்கி, நடுவில் ஒரே ஒரு "ஆமாம்" ஒளிந்திருக்கும் என்று அவர் காட்டினார். இவ்வளவு விகாரமாகவா ஒரு திரையைச் செய்வார்கள் என்று அன்று நான் சிரித்தேன்.

புதுக் கைப்பேசியில் அந்தத் திரையை அழகுபடுத்தியிருந்தார்கள். இளநீல வானம். கையில் கட்டுப் போட்ட ஒரு குட்டிக் கைப்பேசிப் பொம்மை. அது மலையாளத்தில் "பேடிக்கண்டா" என்கிறது, பயப்படாதே என்று. அதன் கீழே திரையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பச்சை அட்டை. அதில் துடைப்பம் போட்ட படம், பக்கத்தில் "போனைப் புதியதுபோல் ஆக்கலாம்" என்ற வரி. மீண்டும் இயக்குவதற்கான வழி எங்கே? அது அட்டைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், இரண்டு சொல்லில் கிடந்தது. திரையை மேலே தள்ளினால்தான் கண்ணில் படும். பச்சை அட்டையை அழுத்தினால் எதுவெல்லாம் போகும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. "வட்டம் நிரம்பும்வரை விரலை எடுக்காதீர்கள்" என்று மட்டும் இருந்தது. அவள் எடுக்கவில்லை. சொன்னதைக் கேட்கிறவள். வட்டம் நிரம்பியது. பூக்கள் கொட்டின.

நான் பலகையைக் கடந்து மாடியேறியபோது அவள் சந்தோஷமாகவே இருந்தாள்.

"சரியாயிருச்சுண்ணே. பூவெல்லாம் போட்டுச்சு. என்ன பாஷை வேணும்னு கேக்குது. ஆனா என்னோட சாமான் ஒண்ணையும் காணல. எங்க ஒளிச்சு வெச்சிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். கடைக்காரன் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுக்கும்போது எப்படி இருக்குமோ, கைப்பேசி அப்படி இருந்தது. வாக்குக் காப்பாற்றியிருந்தது, புதியதுபோல் ஆக்கியிருந்தது.

அன்றே படகேறி எர்ணாகுளம் போனோம். சர்வீஸ் சென்டரில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். முறை வந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்தவர் கைப்பேசியை ஏதோ கம்பியில் மாட்டி, உடனே கழற்றினார்.

"பேக்கப் இல்லே, சேட்டா?"

"இல்ல."

"எங்கில் போயி. இனி கிட்டூல." அப்படியானால் போனது போனதுதானாம், இனிக் கிடைக்காதாம்.

"கிட்டாதுன்னா எப்படி? இதுக்குள்ளதானே இருந்துச்சு" என்றாள் தங்கை.

"இத்தா, அழிச்சது நிங்களல்லே? கம்பெனி அழிச்சிட்டில்லல்லோ."

"நான் தொட்டேன். அழிக்கலே."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இதான் பறயிறது. தொட்டதே உள்ளூ, தொட்டதே உள்ளூ."

தொட்டேன், அவ்வளவுதான் என்று எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்! அந்த மனிதர் தன் வாயாலேயே சொன்னார். வருகிற ஆளெல்லாம் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு மேசை, ஒரு டோக்கன், ஒரு குளிர்சாதன அறை. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என்ன பேசினேன் என்பதை அன்றிரவே குறித்து வைத்தேன். இங்கே எழுதும் தரத்தில் அது இல்லை. தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்து படகுத்துறையில் இறங்கும்போது அவள் சொன்னாள். "இங்க இருக்கறவளுக ஓடி வந்து அளவு தந்துருவாளுக. துபாய், ஜித்தான்னு இருக்கற அக்கரைக்காரிகளுக்கு நான் என்னத்தத் தைப்பேன்?"

இதுதான் கேள்வி. துணிகள் எடுத்து வந்து அடுக்கியாகிவிட்டது. நோன்பு தொடங்கப் போகிறது. பெருநாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது. ஒரு பெருநாளைத் தவறவிட்டால் அந்தப் பெண்கள் அங்கேயே ஆயத்த உடை வாங்கப் பழகிவிடுவார்கள். பழகியவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

உள்ளூர்ப் பெண்கள் அந்த வாரமே வர ஆரம்பித்தார்கள். பதிவுகளோடு எண்களும் போய்விட்டதால் நான் வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்து, அக்கரைக்காரிகளின் எண்களை அவர்களின் சொந்தக்காரர்களிடமிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் காக்கநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவில் பிறந்தவள். அவளுக்குத் தமிழைவிட மலையாளம் சரளம். திரைச்சீலைக்குப் பின்னால் டேப்பைச் சுற்றிக்கொண்டே தங்கை நடந்ததைச் சொல்வது எனக்குக் கேட்டது. பொம்மை, கட்டு, நீல வானம் எல்லாம் வந்தது.

"அய்யோ அக்கா, ஆ பொம்மை ஞான் வரைஞ்சதாக்கும்!"



"அசையாதே" என்றாள் தங்கை. "இடுப்பு எடுத்துட்டு இருக்கேன்."

"அல்ல, பொம்மை மாத்திரம்தான் நான். பட்டன் வேற டீம்."

"துடைப்பம்?"

"துடைப்பமும் நான்தான்."

"நல்லா வரைஞ்சிருக்கே. மூச்ச விடு."

வெளியே வந்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் கைப்பேசிக் கம்பெனிகளுக்காகத் திரைகளை வடிவமைத்துக் கொடுக்கிறதாம். அடுத்த பதிப்புக்கு இப்போது மறுபடியும் அதே ரெகவரித் திரையைத்தான் எடுத்திருக்கிறார்களாம். "மாமா, சாதாரண ஆளுகளக் கூட்டிட்டு வந்து கேக்கற ஒரு மீட்டிங் உண்டு. அக்காவக் கொண்டு வாங்க. நான் பேர் கொடுக்கறேன்" என்றாள்.

போனோம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் எங்கள் கைப்பேசிகளை வாங்கி ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். உள்ளே இருப்பது வெளியே போய்விடக் கூடாதாம். அவர்களுடையதைப் பாதுகாக்க எத்தனை கவனம்! வாயைத் திறக்காதீங்க என்பதுபோல் தங்கை என்னைப் பார்த்தாள்.

மேலாளர் நல்ல மாதிரியான மனிதர். அதையும் சொல்ல வேண்டும். சாயா கொடுத்தார். திரையின் மூன்று வகைகளை மேசைமேல் பரப்பினார். ஒன்றில் வானம் இளஞ்சிவப்பு. ஒன்றில் பொம்மை கையசைத்தது. மூன்றாவதில் துடைப்பத்துக்குப் பதில் மந்திரக்கோல்.

"இத்தாவுக்கு ஏது இஷ்டப்பட்டு?"

தங்கை மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள். துணி எடுக்கும்போது பார்ப்பது போல விளிம்பையும் பார்த்தாள்.

"இத அமுத்தினா என்னென்ன போவும்?"

"அது... எல்லாம் போகும்."

"எங்க எழுதியிருக்கு?"

மேலாளர் பொறுமையாக விளக்கினார். நிறைய எழுத்து இருந்தால் மக்கள் மிரளுகிறார்கள். மிரண்டால் கம்பெனிக்குப் போன் செய்கிறார்கள். எளிமையாக, நட்பாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கால வடிவமைப்பு. அதனால்தான் "நிச்சயமா?" என்று மறுபடி கேட்கும் திரையைக்கூட எடுத்துவிட்டார்கள். படிகள் குறைந்ததில் எல்லோருக்கும் திருப்தி.

இங்கே நான் வாயைத் திறந்தேன். ஒரு காலத்தில் சீமையில் விஷம் அடைத்து விற்ற குப்பிகளை வேண்டுமென்றே வரிவரியாக, முண்டும் முடிச்சுமாக வார்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். கருநீலமும் கரும்பச்சையுமாக நிறம் வேறு. இருட்டில் மருந்தென்று கைநீட்டுகிறவன் தொட்டவுடன் திடுக்கிட வேண்டும் என்பதற்காக. எழுத்துத் தெரியாதவனுக்கும் அந்தச் சொரசொரப்பு புரியும். அந்தக் குப்பி செய்தவனுக்கு அழகு தெரியாமல் இல்லை. நீங்கள் விஷக் குப்பியை வழவழப்பாக்கி, மேலே பொம்மை ஒட்டி, குடித்து முடித்தவன் தலையில் பூவும் தூவுகிறீர்கள். மிரளுகிறார்கள் என்கிறீர்களே, மிரளட்டும்! பழைய கருப்புத் திரையைப் பார்த்து மிரண்டதனால்தான் இவள் பதிவுகள் அன்று பிழைத்தன. மிரண்டவர்கள் போன் செய்வது உங்களுக்குத் தொந்தரவு. மிரளாதவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டு உங்கள் மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஆள் போட்டிருக்கிறீர்கள்.

மலையாளத்தில் தொடங்கியது எங்கேயோ தமிழாகிவிட்டது. பொம்மை வரைந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மேலாளர் சாயா கோப்பையை நகர்த்தி வைத்தார்.

தங்கை என்னைப் பொருட்படுத்தவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு காட்டினா போதுமே. இத்தன படம், இத்தன பேச்சு, இதெல்லாம் போவும்னு."

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "அது முடியாதுக்கா. ரெகவரில இருக்கும்போது உள்ள உள்ளதெல்லாம் பூட்டிக் கெடக்கும். அந்தத் திரைக்கே தெரியாது, உள்ள என்ன இருக்குன்னு."

"தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப அதச் சொல்லச் சொல்லு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, என்ன இருந்தாலும் அத்தனையும் போவும், திரும்பக் கிடைக்காதுன்னு. தெரியாதவ எதுக்குடி பூப் போடறா?"

மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு என்னென்ன மாற்றம் வேண்டும் என்பதை நானே ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தேன். மீண்டும் இயக்குவது மேலே, பெரிதாக. அழிப்பது கீழே, அட்டையில்லாமல், படமில்லாமல். அழிக்கும் முன் தங்கை சொன்ன வாக்கியம், மலையாளத்திலும் தமிழிலும், கேட்கவும் முடிகிற மாதிரி. அதற்குப் பிறகு இன்னொரு தடவை கேள்வி. பூ கூடாது.

கிளம்பும்போது ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தார்கள். உள்ளே பொம்மை அச்சடித்த பீங்கான் கோப்பை. தங்கை தன் பையை மேசையிலேயே வைத்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து ஒருவர் லிஃப்ட் வரை ஓடி வந்து கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கி, வாசலில் எங்கள் கைப்பேசிகளைத் திருப்பித் தந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நோன்பு பாதி கடந்தபோது அந்தப் பெண் செய்தி கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். வாக்கியம் வருகிறது, கேள்வி வருகிறது, பூ போய்விட்டது. துடைப்பத்தை அவளே அழித்தாளாம். நான் சந்தோஷப்படப் போனேன்.

"ஆனா மாமா, அது இனி வரப்போற மாடலுக்கு மட்டும். வித்துப் போன போன்ல மாத்த மாட்டாங்க. ரெகவரி மட்டும் அனுப்பறது கம்பெனிக்குச் செலவாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை பாதியில் உறைந்த மென்பொருளை யாரும் கேட்காமலேயே அனுப்பினார்களே, அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? ஒரு வாக்கியத்தை அனுப்ப மட்டும் காசில்லை. ஆக, இந்த ஊரில் இப்போது எத்தனை கைகளில் அந்தப் பச்சை அட்டை காத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் கம்பெனிக்கு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், எழுத்து மாறாமல். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் தங்கை அக்கரைக்காரிகளை வீடியோ அழைப்பில் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அவர்கள் தம் கையாலேயே டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும், அவள் இங்கிருந்து சொல்வாள். பாதிப் பேருக்கு இதில் கூச்சம். கேமராவுக்கு முன் அளவெடுப்பதா என்று சிலர் அழைப்பையே எடுக்கவில்லை. சிலர் "இந்தப் பெருநாளைக்கு வேண்டாம், அடுத்ததுக்குப் பாக்கலாம்" என்றார்கள். அவர்களுக்கு எடுத்த துணி உள்ளறை அலமாரியில் மடித்தபடி இருந்தது.

பச்சைக் கதவு வீட்டு ஜித்தாக்காரி ஒத்துக்கொண்டாள். அன்று நான் எதற்கோ மாடிக்குப் போயிருந்தேன்.

"அண்ணே, வெளிய போங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."

படியில் நின்றேன். கதவுக்குப் பின்னால் தங்கையின் குரல் மட்டும் கேட்டது. "மேல... இன்னும் மேல. அது நெஞ்சு இல்லடி, வயிறு. டேப்பத் திருப்பு, சென்டிமீட்டர் பக்கம் பாத்துப் படிக்கறே. உன் வீட்டுக்காரர் எங்க? வெளிய அனுப்பிட்டியா? சரி. மூச்சப் பிடிக்காதே. ஒல்லியாக் காட்டி எனக்கென்ன ஆகப் போவுது, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?" அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம். பிறகு இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். நான் இரண்டு படி இறங்கி நின்றுகொண்டேன்.

ஜித்தாக்காரிக்குத் தைத்து முடித்த உடையைப் பெருநாளுக்கு முந்தின வாரம் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தேன். பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு புறமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டிருந்தாள். வழக்கமாக அவள் அப்படி விட மாட்டாள். உள்ளே துணி தடித்து நின்றால் உடை உடம்பில் ஒழுங்காகப் படிந்து விழாது என்று பிறர் தைத்ததைப் பார்த்துக் குறை சொல்கிறவள்.

"என்ன இது?" என்றேன்.

"அவ சொன்ன அளவுல எனக்கு நிச்சயமில்ல. பத்தாம போச்சுன்னா அங்க யாராவது பிரிச்சு விட்டுக்கட்டும்."

இஸ்திரிப் பெட்டியின் முனையால் அந்த மடிப்பை ஓரம்வரை அழுத்திப் படிய வைத்தாள். வெளியே தெரியாத அளவுக்குப் படிந்தது. பிறகு உடையை மடித்து, மறுநாள் விமானம் ஏறப் போகிறவரின் பையில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.